ஐயாவின் செவர்லேவுக்கு எந்தக் கார்புரேட்டர்?

கேள்வி: வணக்கம். எனக்கு ஊர் காரைக்குடிப் பக்கம். எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், 1948இல் வாங்கிய செவர்லே ஃப்ளீட்மாஸ்டர் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஆறு சிலிண்டர், 216 கன அங்குல எஞ்சின். பல வருஷம் கொட்டகையில் கிடந்த வண்டியைப் போன வருஷம் வெளியே எடுத்து ஓட்ட ஆரம்பித்தோம். பழைய கார்ட்டர் கார்புரேட்டர் ஒழுகுகிறது என்று உள்ளூர் மெக்கானிக் அதைக் கழற்றிவிட்டு, கையிலிருந்த அம்பாசிடர் சோலெக்ஸை ஒரு இரும்புத் தகடு வைத்துப் பூட்டிக் கொடுத்தார். ஸ்டார்ட் உடனே ஆகிறது. ஆனால் மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லை, கறுப்புப் புகை வருகிறது. ஐடிலிங் ஏறி ஏறி இறங்குகிறது. வெயில் நேரத்தில் திருமயம் தாண்டியதும் நின்றுவிடுகிறது. இருபது நிமிஷம் கழித்துத்தான் மறுபடி கிளம்பும். இன்னொரு மெக்கானிக் வெபர் 32/36 போடச் சொல்கிறார். இணையத்தில் “செவர்லே ஆறு சிலிண்டர் எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்று புதிய கார்புரேட்டரும் விற்கிறார்கள். எதை வாங்குவது? பழைய கார்ட்டர் பிரித்துப் போட்ட நிலையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

பதில்: அந்தப் பிஸ்கட் டப்பாவைப் பழைய இரும்புக்காரருக்குப் போடாமல் வைத்திருந்தீர்களே, அதுவே பெரிய காரியம். உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்த டப்பாவுக்குள்தான் இருக்கிறது. அதற்கு முன்னால், இப்போது பூட்டியிருக்கும் சோலெக்ஸ் உங்கள் எஞ்சினை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் வெபரைப் பற்றியும் புது கார்புரேட்டரைப் பற்றியும் நீங்களே முடிவெடுத்துவிடலாம்.

எஞ்சின் என்பது ஒரு காற்றுப் பம்பு. அது இழுக்கும் காற்றில் பெட்ரோலைக் கலந்து கொடுப்பதுதான் கார்புரேட்டர். 216 என்று நாம் சொன்னாலும் கொள்ளளவு சரியாக 216.5 கன அங்குலம், நம் கணக்கில் ஏறக்குறைய 3,550 சிசி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை அவ்வளவு காற்றை இழுக்கும். இந்த எஞ்சின் தன்னுடைய 90 குதிரைத்திறனைக் கொடுப்பது நிமிஷத்துக்கு 3,300 சுற்றில். அப்படியென்றால் காற்றை இழுப்பது நிமிஷத்துக்கு 1,650 தடவை. பெருக்கினால் சுமார் 5,850 லிட்டர் காற்று. சிலிண்டர் ஒருபோதும் முழுசாக நிரம்பாது, முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்வோம். 4,400 லிட்டர். இதே கணக்கை அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சினுக்கு 4,200 சுற்றில் போட்டால் வருவது 2,350 லிட்டர். அதாவது உங்கள் வண்டிக்குத் தேவையான காற்றில் பாதியளவுக்குத் துளைபோட்ட ஒரு கார்புரேட்டரைப் பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சோலெக்ஸ் மோசமான பொருள் கிடையாது. அது பிறந்த எஞ்சினில் அருமையாக வேலை செய்யும். உங்கள் வண்டியில் அது பட்டென்று ஸ்டார்ட் ஆவதற்குக் காரணமே அதன் சின்னத் தொண்டைதான். குறைந்த சுற்றில் காற்று வேகமாகப் பாயும், பெட்ரோல் நன்றாகப் பிரிந்து தூவும். வீட்டு வாசலில் ஓட்டிக் காட்டினால் யாருக்கும் குறை தெரியாது. மேம்பாலத்தில் மிதிக்கும்போதுதான் மூச்சு முட்டும். அப்போது பெரும்பாலான மெக்கானிக்குகள் செய்வது, பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டின் துளையைப் பெரிதாக்குவது. காற்று கூடாமல் பெட்ரோல் மட்டும் கூடினால் என்ன ஆகும்? இழுவை வராது, புகை வரும். உங்கள் கறுப்புப் புகைக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஜெட்டைக் கழற்றி, மேலே அடித்திருக்கும் எண்ணையும் துளையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. கார்ட்டரின் அடிப்பகுதியில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தட்டு மூடிய நிலையில், அதன் விளிம்புக்குச் சற்று மேலே ஒரு பொடித்துளை இருக்கும். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். லேசாக மிதித்து சீராக ஓடும்போது எஞ்சின் உறிஞ்சும் அந்த இழுப்பு, அதாவது வேக்குவம், டிஸ்ட்ரிபியூட்டரை உடம்போடு கொஞ்சம் திருப்பி, ஸ்பார்க்கை முன்னே கொண்டுவரும். சோலெக்ஸ் பூட்டியபோது இந்தக் குழாயை என்ன செய்தார்கள்? நான் பார்த்த பல வண்டிகளில் நுனியை நசுக்கி மடக்கிவிட்டிருப்பார்கள், அல்லது ஒரு ஸ்க்ரூவைச் சொருகி அடைத்திருப்பார்கள். அப்படிச் செய்தால் நெடுஞ்சாலையில் ஸ்பார்க் எப்போதும் பின்தங்கியே இருக்கும். தாமதமாக எரிவதன் வெப்பம் புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மானிஃபோல்டுக்குப் போகும். இந்த எஞ்சினில் காற்றுக் கலவை உள்ளே போகும் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருப்பவை. கார்புரேட்டர் அதன் நடு உச்சியில். கீழே அடுப்பு எரிகிறது, மேலே பெட்ரோல் பாத்திரம் இருக்கிறது. திருமயத்துக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் சூட்டில் நிற்பதற்குக் கார்புரேட்டர்தான் காரணம் என்று இப்போதே முடிவுகட்டிவிடாதீர்கள். அடுத்த தடவை வண்டி நின்றதும் ஓரமாக நிறுத்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்துக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். பீடி, சிகரெட் யாரும் பக்கத்தில் வரக்கூடாது. கையில் சின்னத் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். எஞ்சினைச் சுற்றாமல் ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் ஒரு தடவை இழுங்கள். உள்ளே பெட்ரோல் கோடு போலப் பீய்ச்சினால் கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பார்க்க வேண்டியது ஸ்பார்க்கை உண்டாக்கும் காயிலையும் கண்டென்சரையும். இந்த வண்டி பிறப்பில் 6 வோல்ட். யாராவது 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டுப் பழைய காயிலையே விட்டிருந்தால், அது அரைமணி நேரத்தில் தொட முடியாத சூடாகி ஸ்பார்க்கை விட்டுவிடும். ஆறினால் மறுபடி வேலை செய்யும். நீங்கள் சொல்லும் அதே இருபது நிமிஷம்!

பீய்ச்சவே இல்லை, தொண்டை காய்ந்து கிடக்கிறது என்றால் லைனில் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பம்பிலிருந்து வரும் குழாய் மானிஃபோல்டை உரசிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். அதற்கு எதிர்மாறாக, தொண்டை ஈரமாகி, உள்ளே சொட்டிக்கொண்டிருந்தால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து வழிகிறது. அப்படியானால் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில் இருக்கும் வெப்ப மடலைப் பார்க்க வேண்டும். வெளியே ஒரு சுருள் ஸ்பிரிங்கும் எடைக்கல் மாதிரி ஒரு கைப்பிடியும் தெரியும். குளிர்ந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் புகையை இன்டேக்கின் அடிவயிற்றுக்குத் திருப்பி விடுவதும், சூடானதும் அதை விலக்கி நேரே அனுப்புவதும் அதன் வேலை. பல வருஷம் நின்ற வண்டியில் அது துருப்பிடித்து ‘குளிர்’ நிலையிலேயே இறுகியிருக்கும். அமெரிக்கக் குளிர்காலத்துக்காக வைத்த ஏற்பாடு, செட்டிநாட்டு வெயிலில் அப்படியே மாட்டிக்கொண்டால் எந்தக் கார்புரேட்டர் போட்டாலும் கொதிக்கத்தான் செய்யும். எஞ்சின் ஆறிய பிறகு துருவுக்கான எண்ணெய் விட்டு, மெதுவாகத் தட்டித் தட்டி அசைத்துப் பாருங்கள். விரலால் தள்ளினால் தடையில்லாமல் போய் ஸ்பிரிங்கால் திரும்ப வர வேண்டும்.

ஐடிலிங் ஏறி இறங்குவதற்கு அந்த இரும்புத் தகட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். தகட்டுக்கு மேலே ஒரு பேக்கிங், கீழே ஒரு பேக்கிங். காற்று புகுவதற்கு இரண்டு வழி. எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது எண்ணெய்க் கேனால் அந்த விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் சொட்டு உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கே காற்று புகுகிறது. வைப்பரையும் மறந்துவிடாதீர்கள். இந்த வண்டியின் வைப்பர் எஞ்சின் வேக்குவத்தில் ஓடுவது. அதன் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அதுவும் காற்றுப் புகும் ஓட்டைதான்.

சரி, வெபருக்கு வருவோம். 32/36 நல்ல பெயர் எடுத்த இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டர். லேசாக மிதிக்கும்போது ஒரு தொண்டை, அழுத்தி மிதிக்கும்போது இரண்டாவதும் திறக்கும். வேறு சில ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் அதைப் பூட்டி ஓட்டியவர்கள் சந்தோஷமாகவே இருக்கிறார்கள். உங்கள் 216க்கு நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் கார்புரேட்டரில் இல்லை, எஞ்சினின் அடியில் இருக்கிறது. இந்த எஞ்சினில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குகள், பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றிக் கடைந்தவை. அவற்றுக்கு எண்ணெய் போவதும் முழு அழுத்தத்தில் இல்லை. ராடின் அடியில் இருக்கும் கரண்டி போன்ற அமைப்பு, சுற்றும்போது எண்ணெயை அள்ளிக்கொள்ளும். நிதானமான சுற்றில் இது எத்தனை வருஷமும் உழைக்கும். வெபர் கூடுதலாகத் தரும் காற்று பயன்படுவது மேல் சுற்றுகளில். அந்த மேல் சுற்றுகளுக்குத்தான் இந்த எஞ்சினைக் கொண்டுபோகக் கூடாது. தவிர, ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஹெட்டில் இன்டேக் வாய்கள் மூன்றுதான், இரண்டு சிலிண்டருக்கு ஒன்று. மேலே எவ்வளவு பெரிய தொண்டை வைத்தாலும் கீழே வழி அவ்வளவுதான்.

இதே செவர்லேயில் 235 கன அங்குல எஞ்சின், அதிலும் 1953-54இல் வந்த முழு எண்ணெய் அழுத்த எஞ்சின் உங்களிடம் இருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். 1953இல் வந்த முதல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் இந்தக் குடும்பத்து 235 எஞ்சினில்தான் மூன்று கார்ட்டர்களை வரிசையாகப் பூட்டி 150 குதிரைத்திறன் எடுத்தார்கள். ஆனால் அதற்காக கேம் ஷாஃப்ட்டையும் கம்ப்ரெஷனையும் சேர்த்தே மாற்றியிருந்தார்கள். கார்புரேட்டர் மட்டும் தனியாக எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. நம் ஊரில் எத்தனையோ பழைய செவர்லேக்களில் எஞ்சின் மாறியிருக்கிறது; உங்களுடையது 216தானா என்று பிளாக்கில் இருக்கும் எண்ணை வைத்து ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

“எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்ற வாசகத்தைப் பார்த்தாலே எனக்கு மனசு ஒப்புவதில்லை. செவர்லே ஆறு சிலிண்டரில் 216, 235, பிறகு 261 என்று அளவுகள் உண்டு. கார் ஒன்று, லாரி ஒன்று. மானுவல் கியர் ஒன்று, ஆட்டோமேட்டிக் ஒன்று. ஒரே ஜெட் இத்தனைக்கும் எப்படிச் சரியாகும்? அப்படி வந்த புதுப் பெட்டியை என் மேசையில் பிரித்திருக்கிறேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. உள்ளே துளை போட்டபோது விழுந்த உலோகச் சுருள் பெட்ரோல் வழியிலேயே கிடந்தது. த்ராட்டில் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு பக்கம் பிறை நிலா மாதிரி வெளிச்சம் தெரிந்தது. வேக்குவம் குழாய்க்கு மேடு வார்த்திருந்தார்கள், துளை போடவே இல்லை! எல்லாப் புதுப் பொருளும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் வாங்கினால் பிரித்து, கழுவி, அளந்து பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டியிருக்கும். அந்த உழைப்பை நல்ல பழைய வார்ப்புக்குக் கொடுப்பதே மேல்.

இப்போது டப்பாவைத் திறப்போம். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து எல்லாவற்றையும் பரப்பி வையுங்கள். அது கார்ட்டர் டபிள்யூ-1ஆக இருக்க வேண்டும். 1930கள் தொடங்கி 1949 வரை செவர்லேயில் வந்தது அதுதான். மேல் மூடியின் ஸ்க்ரூ ஒன்றுக்கு அடியில் எண் அடித்த பித்தளைத் தகடு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ரிப்பேர் கிட், அதாவது தேயும் சின்னப் பாகங்களின் தொகுப்பு, வாங்க அந்த எண்தான் வழி.

முதலில் தேட வேண்டியது மீட்டரிங் ராட். ஊசி கனத்தில் ஒரு பித்தளைக் கம்பி, மேல் முனையில் சின்னக் கண், கீழே போகப் போக படிப்படியாக மெலிந்திருக்கும். இது மெயின் ஜெட்டுக்குள் தொங்கும். மெதுவாக ஓட்டும்போது தடித்த பகுதி ஜெட்டுக்குள் இருப்பதால் பெட்ரோல் குறைவாகப் போகும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க கம்பி மேலே ஏறி, மெலிந்த பகுதி ஜெட்டுக்குள் வரும், பெட்ரோல் கூடும். இவ்வளவு எளிமையான, அழகான ஏற்பாடு. அந்தக் கம்பியை வெயிலில் பிடித்து விரல் நகத்தால் நீளவாக்கில் வருடிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்து படி தட்டுப்பட்டால் கம்பியையும் ஜெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். கம்பி தொலைந்தே போயிருந்தால் வேறு வண்டியின் கம்பியை வைத்து ஒப்பேற்ற வேண்டாம்.

அடுத்து கிண்ணம் இருக்கும் நடு உடம்பு. அது துத்தநாகக் கலவை வார்ப்பு. தண்ணீர் தங்கிய இடமெல்லாம் வெள்ளை மாவு பூத்திருக்கும். மேலோட்டமாக இருந்தால் பயமில்லை. ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகக் குத்தினால் உதிர்கிறது, ஜெட் உட்காரும் இடத்தில் மரை பொடிந்துவிட்டது என்றால் அந்த உடம்பு முடிந்தது. தயவுசெய்து யாரும் அதை ஆசிட்டில் முக்க விடாதீர்கள். பித்தளைப் பாத்திரம் போலப் பளிச்சென்று வரும், மரைகளும் உட்காரும் முகங்களும் கரைந்து போயிருக்கும். மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் கார்புரேட்டர் கிளீனரும் போதும். பொடித்துளைகளில் இரும்புக் கம்பி விடக்கூடாது. ஈர்க்குச்சியைச் சீவி விடுங்கள், பிறகு காற்றால் ஊதுங்கள். ஜெட்டின் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை மாறிவிடும்.

மூன்றாவதாக த்ராட்டில் ஷாஃப்ட். நான் வேலை செய்த பழைய கார்புரேட்டர்களில் ‘ரிப்பேர் கிட் போட்டும் சரியாகவில்லை’ என்று வந்தவற்றில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் சிக்கியிருந்தது. நீலகிரி எஸ்டேட்டிலிருந்து ஒரு செவர்லே லாரி வந்தது. மூன்று கிட் மாற்றியிருந்தார்கள். ஐடிலிங் நிற்கவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு ஷாஃப்ட் வெளியே வரும் முனையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தேன். சொட்டு ஒரு கணம் நின்றது, நடுங்கியது, சட்டென்று உள்ளே மறைந்தது. அந்த ஒரு நொடி எஞ்சின் அமைதியாக ஓடியது, பிறகு பழையபடி தடுமாறியது. இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் சொல்லாது. உங்களுடையது கழற்றிய நிலையில் இருப்பதால், அடிப்பகுதியை ஒரு கையில் பிடித்து லீவரை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் புஷ், அதாவது தேய்ந்த துளைக்குள் செருகும் உலோக வளையம், போட வேண்டும்.

புஷ் போடுவது நல்ல லேத்காரருக்குப் பெரிய வேலை இல்லை. அடிப்பகுதி வார்ப்பிரும்பு, துளையிடத் தாங்கும். இரண்டு முனையிலும் வெண்கல புஷ் அடித்து, இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் விட வேண்டும். ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் புதிது கடைய வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு இடைவெளி போதும். கழற்றும் முன் த்ராட்டில் தட்டு எந்தப் பக்கம் மேலே, எப்படித் திரும்பியிருக்கிறது என்று கோடு கிழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டது, மாற்றிப் போட்டால் மூடாது. தட்டைப் பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூவின் பின்முனை நசுக்கி விடப்பட்டிருக்கும். அதை அரமிட்டுவிட்டுக் கழற்றினால்தான் ஷாஃப்ட் மரை பிழைக்கும். திரும்பப் போடும்போது புது ஸ்க்ரூ போட்டு மறுபடி நசுக்கியே ஆக வேண்டும். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். கழன்றால் அந்த ஸ்க்ரூ நேரே சிலிண்டருக்குள்தான் போகும்.

இந்த மூன்றும் தேறினால் வாங்க வேண்டியது கார்புரேட்டரே இல்லை, ஒரு ரிப்பேர் கிட்தான். எத்தனால் தாங்கும் பொருளில் செய்த கிட் என்று குறிப்பிட்டிருப்பதையே வாங்குங்கள். ஆக்சிலரேட்டர் பம்பின் தோல் வாஷரைப் போடுமுன் ஒரு ராத்திரி மெல்லிய எண்ணெயில் ஊறவையுங்கள். காய்ந்த தோல் உள்ளே மடங்கிக்கொள்ளும். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையை வெந்நீரில் முக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் ஓட்டை. மிதவை உயரத்துக்கு கிட்டிலேயே அட்டை அளவுகோல் வரும். மீட்டரிங் ராடின் உயரத்துக்கு மட்டும் தனி அளவுகோல் உண்டு. டபிள்யூ-1இல் கைபழகியவர் ஒருவரிடம் அதை வைத்து ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

உடம்பு பொடிந்துவிட்டது, அல்லது மீட்டரிங் ராட் கிடைக்கவே இல்லை என்றால் அப்போது நான் வாங்கச் சொல்வது ரோச்செஸ்டர் மாடல் பி. 1950இலிருந்து செவர்லே கம்பெனியே கார்ட்டரை விட்டு இதற்கு மாறியது. ஒற்றைத் தொண்டை, மீட்டரிங் ராட் கிடையாது, பொருள்கள் குறைவு. புதிதாக வார்த்த நகலை விட்டுவிட்டு, பழைய அசல் உடம்பாகப் பார்த்து, அதிலும் 216க்கென்று செய்ததாக வாங்குங்கள். 235க்கென்று வந்தவற்றில் அடிப்பகுதி பெரிதாக இருக்கும் வகை உண்டு. ஆகவே விற்பவரிடம் மூன்று அளவுகளை ஸ்கேல் வைத்துப் படமாகக் கேளுங்கள்: இரண்டு போல்ட்டுத் துளைகளின் மையத்துக்கு மையம், த்ராட்டில் துளையின் விட்டம், ஏர் ஃபில்டர் உட்காரும் கழுத்தின் விட்டம். மூன்றையும் உங்கள் கார்ட்டரோடும் மானிஃபோல்டோடும் ஒப்பிடுங்கள். வேக்குவம் குழாய்க்கான துளை இருப்பதும் படத்தில் தெரிய வேண்டும்.

ரோச்செஸ்டர் பியின் பலவீனம் அதன் மேல் மூடி. ஸ்க்ரூக்களை இறுக்கி இறுக்கி ஓரம் வளைந்துவிடும். மிதவையும், அழுத்தி மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வும் அந்த மூடியிலேயே தொங்குகின்றன. பவர் வால்வை மூடிப் பிடிக்கும் வேக்குவமும் அதன் வழியாகத்தான் போகிறது. மூடி வளைந்தால் வேக்குவம் கசிந்து, பவர் வால்வு திறந்தே நின்று, சும்மா ஓடும்போதும் கறுப்புப் புகை வரும். வந்ததும் மூடியைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து ஓரத்தில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் வளைவு என்றால் கண்ணாடி மேல் நீர்த்தாள் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி மெதுவாகத் தேய்த்து மட்டமாக்கலாம். பூட்டும்போது ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

நம் ஊர்ப் பெட்ரோலைப் பொறுத்தவரை ரோச்செஸ்டருக்கு ஒரு வசதி உண்டு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதே காற்றுக்கு இந்தப் பெட்ரோல் ஏழெட்டு சதவீதம் கூடுதலாகத் தேவைப்படும். இல்லாவிட்டால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும், ஆக்சிலரேட்டர் தொடும்போது தயங்கும். ரோச்செஸ்டர் ஜெட்டில் அடித்திருக்கும் எண் அதன் துளையை அங்குலத்தில் ஆயிரத்தின் பங்காகச் சொல்வது. 56 இருந்தால் 57 அல்லது 58 போட்டால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். மாற்ற ஐந்து நிமிஷம். இருபது கிலோமீட்டர் ஓட்டி, வேகத்திலேயே சாவியை அணைத்து ஓரம் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வறுத்த கொத்தமல்லி நிறத்தில் இருந்தால் அப்படியே விடலாம். வெள்ளையாக இருந்தால் இன்னொரு எண் ஏறுங்கள், கரி படிந்தால் இறங்குங்கள். ஆறு பிளக்கையும் பாருங்கள். நடுவில் ஒரே கார்புரேட்டர் என்பதால் இரண்டு கோடி சிலிண்டர்களும் கொஞ்சம் வெளுத்தே இருக்கும். அவற்றைக் காப்பாற்றும் அளவுக்கு ஜெட் இருக்க வேண்டும்.

எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் தின்றுவிடும். பெட்ரோல் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பரை எல்லாம் எத்தனால் தாங்கும் ‘விட்டான்’ (Viton) என்ற செயற்கை ரப்பருக்கு மாற்றுங்கள், பம்பின் டயஃப்ரமும் சேர்த்து. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கிண்ணத்தில் பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள். அது ஈரத்தை இழுத்து, அடியில் தண்ணீராகத் தங்கி, அந்த வெள்ளை மாவை மறுபடி உண்டாக்கும். யாராவது பின்னால் எலெக்ட்ரிக் பம்பு வைத்திருந்தால் அழுத்தத்தை அளந்து பாருங்கள். சதுர அங்குலத்துக்கு நான்கு பவுண்டுக்கு மேல் போனால், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வு தாங்காது. முதலில் கார்ட்டர் ‘ஒழுகியது’ என்றீர்களே, அதற்கே இது காரணமாக இருந்திருக்கலாம்.

பூட்டும்போது இரண்டு விஷயம். மானிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே தடித்த, சூடு கடத்தாத பேக்கிங் இருக்க வேண்டும். வெறும் இரும்புத் தகடு சூட்டை அப்படியே மேலே ஏற்றிவிடும். இன்னொன்று, உங்களுடையது வலப்பக்க ஸ்டியரிங் வண்டி. இந்த எஞ்சினில் கார்புரேட்டர் இடப்பக்கம் இருக்கிறது. ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து கம்பிகள் குறுக்கே கடந்து போக வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் கார்புரேட்டரின் லீவர் இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு அமைந்தது. பெடலை முழுக்க மிதிக்கும்போது த்ராட்டில் முழுக்கத் திறக்கிறதா, விட்டதும் தானாக முழுக்க மூடுகிறதா என்று எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்னே ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் உங்கள் கார்ட்டரின் லீவரை மாதிரியாக வைத்துப் புதிது செய்துகொள்ளலாம். அதற்காகவும் அந்தப் பழைய உடம்பைத் தூக்கிப் போடாதீர்கள்.

இந்த வாரம் வெப்ப மடலையும் வேக்குவம் குழாயையும் பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறந்து மீட்டரிங் ராட் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அதன் படத்தையும், த்ராட்டில் ஷாஃப்ட் ஆட்டம் எவ்வளவு என்பதையும் எழுதி அனுப்புங்கள். எந்த கிட், புஷ் எந்த அளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.